நோட்டில் எழுதாமல் விட்டது

அன்புள்ள நெட்டைக்கு,

விடுப்பு விண்ணப்பத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனாய். அது பொய்யாக இருக்கட்டும், அம்மா நன்றாக இருக்கட்டும் என்றுதான் இந்தப் பதினாறு நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்திருந்தாலும் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்திருப்போம், உருப்படியாக ஒன்றும் பேசியிருக்க மாட்டோம். அதனால்தான் கடிதம். கோபம் வந்தால் கிழித்துப் போடு. ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

விடுதியில் உன் கட்டிலை யாருக்கும் தரவில்லை. அதன் மேல் என் துணிகள்தான் குவிந்து கிடக்கின்றன. நீ இருந்தால் திட்டித் தீர்த்திருப்பாய். நெட்டை இல்லாமல் குட்டை தனியாகச் சாப்பிட வருவதைப் பார்த்து முதல் இரண்டு நாள் எல்லாரும் கேலி செய்தார்கள். பிறகு அவர்களுக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும், விட்டுவிட்டார்கள். உளவியல் மேடம் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தார். குழந்தைகளை அடிக்கக் கூடாது என்று நீ எழுதிய கட்டுரைக்குத்தான் வகுப்பிலேயே அதிக மதிப்பெண். எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். நான் தலை நிமிரவே இல்லை. அதை வாங்கி வந்து உன் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒருமுறை எழுதியாக வேண்டும். எழுத வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டவள் நான்.

நாம் ஆசிரியர் பயிற்சிக்குப் போன பள்ளி, ஐந்தாம் வகுப்பு, மூன்றாம் பாடவேளை, பின்னங்கள். நீ வண்ணத்தாள்களை மடித்துக் காட்டிப் பாடம் நடத்தினாய். நான் கடைசி பெஞ்சில், சக மாணவியின் வகுப்பைப் பார்த்துக் குறிப்பெழுதும் அந்த நீல நோட்டோடு உட்கார்ந்திருந்தேன். கல்லூரியிலிருந்து நம்மைப் பார்வையிட வந்த கணக்கு சார் கால் மணி நேரம் இருந்துவிட்டுப் பக்கத்து வகுப்பைப் பார்க்கப் போனார். வாசலோரம் முதல் பெஞ்சில் இருக்கும் பெண்ணிடம், மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டாய். நான்கு என்றாள். தாளை மடித்துக் காட்டிக் கேட்டாய். நான்கு என்றாள். மூன்றாம் தடவை, “நாலுதான் டீச்சர் பெருசு” என்று, நீ விளையாடுகிறாய் என்று நினைத்தவள் போலச் சிரித்துக்கொண்டே சொன்னாள். வகுப்பே சிரித்தது. அவள் கன்னத்தில் உன் கை விழுந்த சத்தம் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

உடனே நீ என்னைத்தான் பார்த்தாய். உன் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஒன்றுமில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி நான் தலையாட்டினேன். பிறகு நோட்டில் எழுதினேன்: ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். வகுப்புக் கட்டுப்பாடு நன்று.’ மறுநாள் நீ ஊருக்குப் போய்விட்டாய். உன்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். மனதின் ஒரு மூலையில், நானாக இருந்தால் அடித்திருக்க மாட்டேன் என்று ஒரு பெருமையும் இருந்தது. உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை.

அந்தப் பெருமை பதினோரு நாள்தான் தாங்கியது.

உன் வகுப்பை எனக்குக் கொடுத்தார்கள். அந்தப் பெண் ஒருநாள்கூட விடாமல் வந்தாள். சொன்னதையெல்லாம் எழுதினாள், வாயை மட்டும் திறக்கவில்லை. வருகைப் பதிவுக்குப் பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். நோட்டுத் திருத்த அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் போனால் புத்தகத்தை எடுத்துக் கன்னத்தில் சாய்த்துக்கொள்வாள். அது அவள் பழக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பதினோராம் நாள் வகுப்பில் ஒரே இரைச்சல். நான் போட்ட கணக்கே கரும்பலகையில் தப்பாகிவிட்டது. பின் வரிசையில் ஒருவன் என்னைப் போலவே பேசிக் காட்டினான். நான் அவனிடம் போனேன். என் கை தோள் உயரம் வரை வந்துவிட்டது. அடிக்கவில்லை. ஆனால் நான் நல்லவள் என்பதால் நிறுத்தவில்லை. முதல் பெஞ்சிலிருந்து திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் சட்டென்று குனிந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்கும் எனக்கும் நடுவே நாலு பெஞ்சு இருந்தது. கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. போய்க் கரும்பலகையில் இருந்த தேதியை அழித்துவிட்டு அதே தேதியை மறுபடியும் எழுதினேன்.

மணி அடித்ததும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். அவள் மட்டும் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “அந்த உயரமான டீச்சர் என்னாலதான் போயிட்டாங்களா?” என்று கேட்டாள். அத்தனை நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. இல்லைம்மா, அவங்க ஊரில் வேலை இருந்தது என்றேன். “நான் சரியா சொல்லியிருந்தா போயிருக்க மாட்டாங்கல்ல?” என்றாள். மறுபடியும் இல்லை என்றேன். அவள் நம்பவில்லை, நெட்டை. அவள் அடி வாங்கியபோது நான் உட்கார்ந்திருந்த இடம் அவளுக்குத் தெரியும். நான் சொன்னால் எப்படி நம்புவாள்?

அன்று சாயங்காலமே நீல நோட்டை எடுத்துக்கொண்டு கணக்கு சாரைப் பார்க்கப் போனேன். என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்பாய். ஆமாம். உன்னையும், என்னையும். சார் கத்தவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டார். அவள் என் தோழி சார் என்றேன். “சரி, அவ உனக்குத் தோழி. அந்தப் பொண்ணு உனக்கு யாரு?” என்றார். நீல நோட்டை அவர் மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன். என் பயிற்சி நாட்கள் மொத்தத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த பருவத்தில், வேறு பள்ளியில், முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். வருத்தம்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

தலைமையாசிரியை அந்தப் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு தையல் கூடத்தில் வேலை பார்க்கிறாராம். அரை மணி அனுமதி வாங்கிக்கொண்டு, தோளில் ஒட்டிய நூலோடு வந்தார். கதவு இடித்துவிட்டது என்று வீட்டில் மகள் சொல்லியிருக்கிறாள். நாங்கள் உண்மையைச் சொன்னதும் அந்த நூலைப் பிய்த்தெடுத்து விரலில் சுற்றினார். பிறகு, “யாரையும் தண்டிக்கச் சொல்லி நான் கேக்கலைங்க. வீட்ல வாய் ஓயாம பேசிட்டிருந்த புள்ள. அவ பழையபடி பேசணும், அவ்வளவுதான்” என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தலைமையாசிரியை அறையில் உன்னை விசாரிக்க வேண்டும் என்று கல்லூரியிலிருந்து கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். இதற்குள் உனக்கு வந்திருக்கும். நேரில் வர முடியாவிட்டால் விளக்கம் எழுதித் தபாலில் அனுப்பலாம் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொள்ளாதே. நீ நன்றாக எழுதுவாய், எனக்குத் தெரியும். படிக்கிற எல்லாரும் உன்னை மன்னித்துவிடுவார்கள். அவள் மட்டும் முதல் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

வந்தால் உன்னைத் தொடர்ந்து படிக்க விடுவார்களா, பேரை நீக்கிவிடுவார்களா, எதுவும் எனக்குத் தெரியாது. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி உன்னைக் கூப்பிடவில்லை. அவள் இன்னும் உன்னைத்தான் கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல உன்னால்தான் முடியும். அதற்காக வா. பேருந்து நிலையத்தில் எட்டு மணியிலிருந்து நிற்கிறேன். பள்ளிக்கூடம் வரை கூடவே வருகிறேன், உள்ளேயும் வருகிறேன்.

அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல். நீ நேரத்துக்குச் சாப்பிடு. என் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் திங்கட்கிழமை அதையும் எடுத்துக்கொண்டே வா.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
குட்டை