மெசின் ஆருடையது?

மாமி,

இன்று காலை வறுக்க வைத்த ஒரு தாச்சி மல்லி கருகிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளை அதை அடுப்பில் விட்டுவிட்டு வாசல் படலையடியில் யாரோடோ கதைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். மெசின் கொட்டிலுக்குள் இருந்த எனக்கு அந்த மணம் வந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். உங்கள் கையால் கருகியது ஒரே ஒரு தாச்சி மல்லிதான். அந்த நாள்தான் கண்முன் நின்றது.

இந்த வீட்டுக்கு நான் மருமகளாக வந்தபோது உங்களைக் கண்டால் எனக்குப் பயம். நீங்கள் அதிகம் கதைக்கமாட்டீர்கள். கதைத்தாலும் முகத்தைப் பார்த்துக் கதைக்கமாட்டீர்கள். நான் நண்டுச் சதை எடுக்கும் கம்பனிக்கு வேலைக்குப் போனபோதும், விரல் நுனியெல்லாம் வெடித்துப் புண்ணாகித் திரும்பி வந்தபோதும் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை என் பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனீர்கள்.

அந்தக் கம்பனிச் சம்பளத்தில் சீட்டுக் கட்டித்தான் இந்த மெசினை வாங்கினேன். மிளகாயும் மல்லியும் திரிக்கலாம், மாவும் திரிக்கலாம். அது வந்து இறங்கிய அன்று நீங்கள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தீர்கள். பிறகு உங்கள் வெறுங்கையைத் தடவிக்கொண்டு, "என்ரை காப்பும் கொடியும் வலையாப் போய்க் கடலுக்குள்ள கிடக்கு பிள்ளை. இது கரையில நிக்கட்டும்" என்றீர்கள். உங்கள் நகைகளை மாமா ஒவ்வொன்றாக விற்று வலை வாங்கிய கதையை நீங்கள் எனக்குச் சொன்னது அவ்வளவுதான்.

பிறகு அந்த மாரிகாலம் வந்தது. உங்கள் மகன் அன்ரன் இரவில் விரித்துவிட்டு வந்த வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போய்விட்டன. மிஞ்சிய துண்டுகளை அவர் வள்ளத்திலிருந்து வாரி வந்து முற்றத்தில் போட்டார். பக்கத்தில் குந்தியிருந்து எந்தத் துண்டு எதோடு சேரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். சேரக்கூடியது ஒன்றுமில்லை. உங்கள் மகன் குடிக்கிற மனிதர் அல்ல, கை நீட்டுகிற மனிதரும் அல்ல. தொழில் போன மனிதர். அதனால்தான் அவரை வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

ஒரு கிழமை அவர் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைத்தால் எடுப்பார், கழுவி வைப்பார், வெளியே போய்விடுவார். ஏதோ நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் கொட்டிலை விட்டு அங்கால் இங்கால் போகவில்லை.

தாராபுரத்துக் கலியாண வீடு ஒன்றுக்கு நாங்கள் தூள் திரித்துக்கொண்டிருந்த காலை அது. நீங்கள் அடுப்படியில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தீர்கள். படலையடியில் பெட்டி பூட்டிய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் ஒன்று வந்து நின்றது. அதில் அன்ரனும், எனக்குத் தெரியாத ஒரு மனிதரும், சுமக்க இரண்டு பேரும் இருந்தார்கள். கையில் கயிறு வைத்திருந்தார்கள்.

அன்ரன் நேரே கொட்டிலுக்குள் வந்தார். "மெசினை நிப்பாட்டு" என்றார்.

நிறுத்தினேன்.

"வலை எடுக்க வேணும். இதைக் குடுக்கப் போறன். தொழில் சரிவந்தாப் பிறகு இதைவிட நல்லதா வாங்கித் தாறன்."

மெசின் மேல் கை வைத்தபடி நின்றேன். வந்த ஆட்கள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் நீங்கள் அகப்பையோடு வந்தீர்கள். யாரையும் பார்க்கவில்லை. கொட்டில் வாசலில் இருந்த மிளகாய்ச் சாக்கை இழுத்துக் குறுக்கே போட்டு அதன்மேல் இருந்துவிட்டீர்கள்.

"அம்மா, எழும்புங்கோ."

"ஏலாது."

"அம்மா, ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும். உன்ரை கொப்பர் காப்பையும் கொடியையும் கேக்கேக்க நான் எழும்பி எழும்பிக் குடுத்தனான். இனி எழும்பமாட்டன்."

வேலிக்கு அப்பால் அயலவர்கள் கூடிவிட்டார்கள். அன்ரனின் முகம் சிவந்தது. அவர் குனிந்து உங்கள் மேற்கையைப் பிடித்தார். பிடித்த இடத்தில் சதை வெளுத்ததை நான் கண்டேன். நீங்கள் கையை இழுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களைத் தூக்கி அப்பால் வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அடுப்படியிலிருந்து மல்லி கருகும் மணம் வந்தது.

வாங்க வந்த மனிதர்தான் கேட்டார். "தம்பி, முதல்ல இதைச் சொல்லும். மெசின் ஆரின்ரை?"

அன்ரன் வாய் திறக்குமுன் நான் சொல்லிவிட்டேன். "என்ரை. நான் விக்கேல்லை."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. வாங்க வந்தவர் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். "குடும்பத்துக்குள்ள கதைச்சு முடிச்சிட்டுக் கூப்பிடுங்கோ. நான் போறன்" என்று திரும்பிவிட்டார்.

அன்ரன் உங்கள் கையை விட்டார். லான்ட்மாஸ்டர் சத்தம் தூரப்போகும்வரை நின்றார். பிறகு, "உங்களுக்கு மகன் ஒருத்தன் இல்லையெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு வளவை விட்டுப் போனார்.

நான் உடைந்து அழப்போகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்தது. சாக்கிலிருந்து எழும்பியபடியே, "மெசினைப் போடு பிள்ளை. கலியாண வீட்டுக்காரர் வரப்போயினம்" என்றீர்கள். கருகிய மல்லியைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுத்தீர்கள்.

அன்ரன் பழைய வலைக் கடனுக்கு வள்ளத்தையும் கொடுத்துவிட்டு, வெள்ளாங்குளம் பக்கம் பல வள்ளங்கள் வைத்திருக்கும் ஒரு சம்மாட்டியிடம் கூலிக்குக் கடலுக்குப் போகத் தொடங்கினார். ஞாயிறு பூசைக்கு வீட்டுக்கு வருவார். என்னோடு தேவைக்கு ஓரிரு சொல் பேசுவார். உங்களோடு அதுவும் இல்லை. எங்கள் மகளைக் கூப்பிட்டு, "அப்பம்மாவிட்டைச் சொல்லு" என்பார். நீங்கள் அவருக்குப் பிடித்த திருக்கைக் குழம்பை வைத்துக் கோப்பையில் போட்டு மூடிவிட்டு, அவர் வருமுன் அப்பால் போய்விடுவீர்கள். "உங்களுக்கு வலிக்கேல்லையோ மாமி?" என்று ஒருமுறை கேட்டேன். "கதைக்காட்டி என்ன, சாப்பிடுறான்தானே" என்றீர்கள். சொல்லிவிட்டு வெகுநேரம் மிளகாய்க் காம்பு ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். அன்று ஆய வேண்டிய மிளகாயே இருக்கவில்லை. ஆய்ந்து வைத்ததையே திரும்பவும் ஆய்ந்தீர்கள்.

மண்ணெண்ணெய் கிடைக்காமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்த மாதங்களில் அவர் வீட்டோடு வந்துவிட்டார். கரண்ட் வருகிற நேரம் பார்த்து நீங்களும் நானும் மெசினைப் போட்டோம். அடுப்பு எரிந்தது, மகள் பள்ளிக்கூடம் போனாள். அதைப்பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் மா மூட்டையைத் தானே தூக்கி வந்து கொட்டிலில் வைத்தார். நீங்கள் அதைப் பார்க்காததுபோல் இருந்தீர்கள்.

உங்களுக்கு நெஞ்சு நொந்த அன்று அவர் கடலில். நான் யாரிடமும் கேட்டு நிற்கவில்லை. தூள் விற்ற காசை எடுத்துக்கொண்டு, ஓட்டோ பிடித்து, உங்களை மடியில் சாய்த்து மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி முழுக்க உங்கள் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. "மாதாவே, மடு மாதாவே" என்பதைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

பின்னேரம் அன்ரன் இடுப்பில் உப்புக் காய்ந்த சறத்தோடு வந்து கட்டிலடியில் நின்றார். எவ்வளவோ நேரம் நின்றார். பிறகு குனிந்து, "அம்மா, சாப்பிட்டீங்களோ?" என்றார்.

"ஓம்" என்றீர்கள். நீங்கள் அன்று ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறுக்கு நீங்கள் இல்லை.

மாமி, நான் இதை எழுதுவதற்குக் காரணம் கருகிய மல்லி மட்டுமல்ல. நேற்று அன்ரன் கொட்டில் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. பழைய வள்ளம் ஒன்று விலைக்கு வருகிறதாம், கூலிக்குப் போய்ப் போய்க் கை அலுத்துவிட்டதாம். "உன்ரை காசில கொஞ்சம் தர ஏலுமோ? ஏலாட்டிப் பறவாயில்லை" என்றார். அன்றைக்கு அவர் கேட்கவில்லை. நேற்றுக் கேட்டார்.

ஓம் என்று சொல்ல மனம் அந்தரப்பட்டது, அந்தக் கடலை நினைத்தால் பயமாகவும் இருந்தது. உங்கள் வெறுங்கையை நினைத்தேன். அவர் அறுந்த வலைத் துண்டுகளோடு குந்தியிருந்ததையும் நினைத்தேன்.

"யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

உங்கள் கலியாண நாளிலிருந்து ஒருமுறைகூட உங்களுக்குச் சொல்ல வாய்க்காத சொல் அது. அவர் கோபப்படவில்லை. "ஓம், யோசி" என்று சொல்லிவிட்டுப் போய் முற்றத்தில் இருந்தார்.

இன்னும் நான் பதில் சொல்லவில்லை, மாமி. அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.