ஊக்கமே மருந்து

கார்த்திகை 7, ஞாயிறு இரவு. லோத்குண்டா.

இன்று மாலை, இந்தத் தெலுங்கு மண்ணில் நாங்கள் நடத்தும் தமிழ் மன்றத்தில் எதிர்வீட்டுச் செல்வத்தின் மகள் நிவேதாவுக்குப் பாராட்டு விழா. எண்ணூறு மீட்டர் ஓட்டத்தில் ஓராண்டுக்குள் எவரும் எதிர்பாராத விரைவைப் பெற்றுவிட்டாள். அதனாலேயே ஐயமும் எழுந்துவிட்டது. அவளது சிறுநீரை ஆய்வுக்கு எடுத்துச் சென்றிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. இவ்வளவும் அறிந்தே மேடை ஏறினேன்.

"இந்தப் பெண்ணை வெல்ல வைத்தது எது? ஊக்கம். ஊக்கமே இவளுக்கு மருந்து" என்று முழங்கினேன். கைதட்டல் எழ வேண்டிய இடத்தில் அரங்கு அடங்கிற்று. பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்போதுதான் ஊக்கமருந்து என்ற சொல் என் செவியிலேயே விழுந்தது. செல்வம் தலை நிமிரவில்லை.

விழா முடிந்ததும் அவளிடம் சென்று பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டினேன்.

"நக்கோ, வேணாம் அங்கிள், விடுங்க. உங்க தமிழ் எனக்குப் பாதிதான் புரியும். அப்பா மூஞ்சியப் பாத்துத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது. வேணும்னே சொன்னீங்களா?"

"இல்லையம்மா." அது உண்மை.

"அப்போ என்னை நம்புறீங்களா?"

"நம்புகிறேன்" என்றேன். ஆனால் அச்சொல்லுக்கு முன் ஒரு மூச்சளவு இடைவெளி விழுந்துவிட்டது. மேடையில் ஒருநாளும் சொல்லுக்குக் காத்து நின்றவன் அல்லன் நான். பிறர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவளோ நொடியைக் கூறுபோட்டு வாழ்பவள்.

"ஸ்டார்ட் லேட் ஆயிடுச்சு, அங்கிள்" என்று சிரித்தாள். பிறகு மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, அப்பாவைத் தேடிப் போனாள்.

மாலை இங்கே மேசைமேல் கிடக்கிறது.