போனில் இருந்த அப்பா

மே 18, ஞாயிறு இரவு

கோடை விடுமுறைக்கு மனைவியும் நான்கு வயது யாழினியும் ஊரிலிருந்து என் கே.கே. நகர் அறைக்கு வந்து ஒரு வாரமாகிறது. அதற்கு முன் மகள் என்னை வீடியோ காலில்தான் பார்த்திருக்கிறாள். அதனால் பேசி முடித்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்துவதுபோல் என் முகவாயை அழுத்திவிட்டு ஓடுகிறாள். எனக்கு எரிச்சல்தான்.

இன்று சாந்தோம் கடற்கரையிலும் அழுத்தினாள். "கட் பண்ணிட்டேன்!"

"இன்னா நைனா, கொயந்த உன்னியே கட் பண்ணிட்சே!" என்று சுண்டல்கார அம்மா சிரித்தார்.

அப்போது பெரிய அலை ஒன்று வந்தது. "அப்பா, தூக்கு!" என்று அலறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வீடு வரும்வரை இறங்கவே இல்லை.

இப்போது என் வலக்கையில் தலைவைத்துத் தூங்குகிறாள். இடக்கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும், கையை எடுக்கமாட்டேன்.