மணியத்தின் மூன்று வரி

12.3.1984, திங்கள். லகாட், மலேசியா.

அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகும் செய்தியைப் பற்றிப் பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதியில் இரண்டு வாரமாக வாக்குவாதம் நடக்கிறது. நானும் நான்கு பக்கம் எழுதினேன். அது வரவில்லை. என் பக்கத்து மேசை மணியம் எழுதியது இன்று வந்திருக்கிறது. அச்சில் மூன்றே வரி.

“கம்ப்யூட்டர் தப்பே செய்யாதாம். அப்படியானால் இனி எங்கள் மேனேஜர் யாரைத் திட்டுவார்?”

அலுவலகமே சிரித்தது. மேனேஜரும் சிரித்தார். “உன்னோடதும் வரும் மச்சான். நீளமா இருக்குலா, அதான் லேட்டு,” என்றான் மணியம். அந்த ஆறுதல்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

வீட்டில் என் மனைவி கமலா அதைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். “ஒங்க கூட்டாளி நல்லா எழுதுறாருலா.” என் நான்கு பக்கத்தையும் அவளிடம் படித்துக் காட்டியபோது, சோறு ஆறுகிறது என்று மட்டும் சொன்னவள்.

சாப்பிட்டதும் வேறொரு பெயரில் பத்திரிகைக்கு எழுதினேன். தொழிலாளியின் பிழைப்பு இந்த மணியத்துக்குக் கேலியா என்று கேட்டிருக்கிறேன். கமலா வந்து, “யாருக்கு எழுதுறீங்க?” என்றாள். சுங்காயில் இருக்கும் அண்ணனுக்கு என்றேன்.

“அந்த ஜோக்கையும் எழுதுங்க. அண்ணன் சிரிப்பாரு.”

சரி என்றேன். கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. காலையில் மணியத்தின் மோட்டார் சைக்கிளில் அவன் பின்னால் உட்கார்ந்துதான் ஈப்போவுக்கு வேலைக்குப் போக வேண்டும்.