கூறைச் சட்டையும் இடக்கைக் கத்தரிக்கோலும்

6 நவம்பர் 2006, திங்கள்
ஈரப்பனி. வேலை முடிந்து வரும் வழியில் புருசெத் தபாலகத்தில் பொதி எடுத்தேன். ஜப்பானிலிருந்து என் கத்தரிக்கோல். என் இடக்கையைக் காகிதத்தில் வரைந்து அனுப்பியது கோடையில். கொல்லர் ஒருவர் கையால் அடித்துச் செய்தது. கைபிடியில் கறுப்பு அரக்கு, பூசிக் காயவிட்டுத் திரும்பத் திரும்பப் பூசியது. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஒரு செம்மை. பெருவிரல் வளையம் அச்சொட்டாகப் பொருந்துகிறது.

வீட்டில் இவர், "ஒரு கத்தரிக்கோலுக்கு இவ்வளவு எடுப்போ?" என்றபடி அதாலேயே பொதியின் பிளாஸ்டிக் நாடாவை வெட்டப் போனார். பறித்துவிட்டேன். துணி தவிர வேறெதுவும் இதில் படாது.

7, செவ்வாய்
பழைய வொயில் துணித் துண்டில் வெட்டிப் பார்த்தேன். கோடு தெரிகிறது. இத்தனை வருடம் வலக்கைக் கத்தரிக்கோலை இடக்கையில் பிடித்து, அலகு கோட்டை மறைக்க, ஊகத்தில் வெட்டினேன். ஆட்கள் முன்னால் மட்டும் வலக்கை. இனி அதுவும் இல்லை.
வாங்க: பால், மிளகாய்த்தூள், ஊதா நூல்.

9, வியாழன்
யோகா அக்கா வந்தார். மகள் அபிக்குக் கலியாணம், கூறைச்சேலைக்குச் சட்டை. நல்ல நேரத்தில் முதல் வெட்டைத் தன் கண்ணால் பார்க்கவேண்டுமாம். இடக்கையில் கத்தரிக்கோலை எடுத்தேன்.

"பிள்ளை, வலக்கையாலை வெட்டுங்கோ. மங்கலக் காரியமெல்லோ."

"இது இடக்கைக்கெண்டே செய்வித்தது, அக்கா. மற்றக் கைக்கு வெட்டாது."

"அப்ப வேறை கத்தரிக்கோல் எடுங்கோ."

மேசை லாச்சிக்குள் பழையது இருந்தது. எடுக்கவில்லை. துணியை மடித்து அவர் மடியில் வைத்தேன். பள்ளிக்கூடத்தில் இந்தக் கைக்கு வாங்கிய அடி போதும்.

இரவு இவர்: "கோயில் முழுக்கக் கதை போகும். இனி ஒருத்தரும் வரமாட்டினம்."

"வராட்டில் போகட்டும்."

11, சனி
தலையிடி. அபி தனியே வந்தாள், துணியோடு.

"அன்ரி, அம்மாக்குத் தெரியாமல் வெட்டித் தாங்கோ. வலக்கையாலை வெட்டினதெண்டு நான் சொல்லுறன்."

நல்ல பிள்ளை. ஆனாலும், "ஒளிச்சு வெட்டமாட்டன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன்.

அழுதாள். எனக்கும் ஒரு மாதிரித்தான். மாற்றிச் சொல்லவில்லை.

12, ஞாயிறு
வெயில். முட்டை முடிந்துவிட்டது.

இருவரும் வந்தார்கள். "இஞ்சை தைக்காட்டில் கூறையே கட்டமாட்டன் எண்டு நிக்கிறாள்" என்றார் அக்கா. யன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டார். முன்துண்டு வெட்டினேன். கழுத்து. பட்டில் சத்தமே இல்லை.

"முடிஞ்சுதோ?"

"இல்லை அக்கா, சட்டைக் கை இன்னும் வெட்டேல்லை. நீங்கள் இஞ்சாலை பாருங்கோ, பிறகு வெட்டுறன்."

அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தில் கொதித்தது, ஒருவரும் எழும்பவில்லை.

அக்கா திரும்பினார். வெட்டினேன்.