கரிவண்டிக்குப் பின்னால் நின்ற குதிரைக்காரன்

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே சரிகிறது. ஒரு பக்கம் எழுதவே எனக்கு அரை நாள் ஆகிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன் மச்சான்! மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு கன்னியாஸ்திரி அம்மா பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். ஆறு மாதமாகப் போகிறேன். இப்போது பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு பலகையாகப் படித்துச் சரிபார்க்கிறேன். பொன்னமராவதி வண்டி என்று எனக்கு இத்தனை வருடம் சொன்னார்களே, அதில் பொன்னமராவதி என்றுதான் போட்டிருக்கிறது. அரிமளமும் சரி. ஒருவரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. எனக்கென்னவோ அது கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது.

இன்றைக்கு மருமகள் கொள்ளு வேகவைத்தாள். அடுப்படியிலிருந்து அந்த வாசனை வந்ததும் நான் சமஸ்தானத்துக் குதிரை லாயத்துக்குப் போய்விட்டேன். பெரிய அண்டாவில் கொள்ளு கொதிக்கும். நீ ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "குதிரைக்கு உப்புப் பத்தல மாப்ள" என்பாய். உன் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுப்பதற்கு முன்பே நாம் இரண்டு பேரும் அங்கே குதிரைக்காரர்கள். வேறு வேலை தெரியாது. நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தார்கள். அடுத்த வருடத் தபசு நோன்பு காலத்துக்குள் லாயம் காலியாகிவிட்டது. குதிரைகளை யார் யாரோ ஓட்டிக்கொண்டு போனார்கள். நமக்கு நாற்பத்தைந்து வயது. கையில் குதிரை தேய்க்கிற நார் மட்டும் மிச்சம்.

அப்போதுதான் ஒரு பஸ் முதலாளி உன்னைக் கூப்பிட்டுவிட்டார். கிளீனர் வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். அந்தக் காலத்தில் பஸ் கரியில் ஓடியது. வண்டியின் முதுகில் அடுப்பு மாதிரி ஓர் இரும்புப் பீப்பாய் இருக்கும். அதில் கரியைப் போட்டு, துருத்தியின் கைப்பிடியைச் சுற்றிப் பற்றவைக்க வேண்டும். நீ நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"மாப்ள, அந்த வேலைக்கு நீ போ. எனக்கு வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம். காரணத்தக் கேட்டு வக்கீல்கிட்டயா குடுக்கப் போறே?"

உனக்குத்தான் தெரியுமே, எவனாவது தானாக வழிவிட்டால் முன்னால் பள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பவன் நான். பீப்பாய் வெடிக்குமோ? முதலாளி அடிப்பாரோ? இல்லை, உனக்கு வேறு நல்ல இடம் கிடைத்துவிட்டதோ? லாயத்து ஆட்களில் சிலரைச் சர்க்கார் ஆபீசில் பியூனாக எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. நீயோ சாயங்காலம் ஆனால் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்கோ போனாய். ஒருநாள் உன் பின்னாலேயே வந்தேன். நீ மாதா கோயிலுக்குள் போனாய். சரிதான், சாமியாரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்குகிறான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

வீட்டில் சொன்னதற்கு உன் தங்கை பொரிந்து தள்ளினாள். "எங்கண்ணன் சோத்தப் போட்டாலும் கல்லு கெடக்கான்னு கெளறிப் பாப்பீங்க போல!"

நான் விடவில்லை. பாஸ்காத் திருநாளுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிய நாள் வந்தது. பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டில் முழந்தாளிட்டு, பலகைத் துளை வழியாகச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமி, என் மச்சான் பொய் சொல்றான். அவன் பியூன் வேலைக்குச் சிபாரிசு புடிச்சுக்கிட்டு, என்னைய அடுப்பு வண்டிக்குத் தள்ளிவிடுறான்."

உள்ளே சாமியார் பலகைப் பக்கம் சாய்ந்தார். பிறகு கேட்டார். "இது யாரு பாவம்ப்பா?"

"அவன் பாவம் சாமி."

"அதச் சொல்ல அவனுக்கு வாயில்லையா? நீ ஒன் பாவத்தச் சொல்லு."

"எனக்கு ஒண்ணுமில்லையே சாமி."

"அப்படியா? சரி, யோசி. வெளிய பத்துப் பேரு நிக்கிறாங்க. அவங்க பாத்துக்கிட்டு நிக்கட்டும்."

முழங்கால் வலி எடுத்தது. வெளியே ஒரு கிழவி இருமினாள். எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை மச்சான். குதிரை போய்விட்டது சாமி, நான் இனிமேல் யார் என்று தெரியவில்லை சாமி, மீசை முளைக்காத பயல்களோடு நின்று வண்டி துடைக்கணுமா சாமி, பயமாக இருக்கிறது சாமி என்று அழுதேன். அதுவரை உன் தங்கையிடம்கூட நான் அதைச் சொன்னதில்லை.

சாமியார் திட்டவில்லை. "பயம் பாவமில்லப்பா. பயத்த மறைக்க அடுத்தவன் மேல பழி போட்டே பாரு, அதான் பாவம்" என்றார். அபராதமாக ஒன்பது நாள் சாயங்காலம் உன் பக்கத்தில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்ல வேண்டும் என்றார்.

ஜெபமாலையில் மந்திரத்தின் முதல் பாதியை ஒருவர் சொன்னால் மறுபாதியை மற்றவர் சொல்ல வேண்டும். நான் சந்தேகப்படுகிற ஆளின் மந்திரத்தை நானே முடித்துவைக்க வேண்டியதாயிற்று. முதல் இரண்டு நாள் ஓரக்கண்ணால் உன் மடியில் கடிதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே சொன்னேன். நாலாம் நாள் நீ பாதியில் நிறுத்திவிட்டாய். கோயில் வாசலில் வைத்துக் கேட்டேன்.

"என்ன மச்சான்?"

"பயம் மாப்ள. அந்த வண்டியப் பாத்தாலே வயித்தக் கலக்குது. குதிரைன்னா மூஞ்சியப் பாத்து நடந்துக்கலாம். அதுக்கு மூஞ்சி எங்கிட்டு இருக்கு? சொன்னா சிரிப்பேன்னுதான் சொல்லல."

எனக்கு ஒரே சந்தோஷம். ஆக, காரணம் இதுதான்! பள்ளம் தெரிந்துவிட்டது, இனித் தாண்டிவிடலாம். மறுநாளே வேலையில் சேர்ந்தேன்.

முதல் நாள் நடந்த கூத்தை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். குதிரைக்காரன் குதிரைக்குப் பின்னால் போவானா? இந்த வண்டியிலோ வேலை முழுவதும் பின்னால்தான். நான் பக்கவாட்டில் போய், தகரத்தைத் தட்டிக்கொடுத்து, "ஓ... ஓ... நில்லு" என்றபடி மெல்ல நகர்ந்தேன். டிரைவர் கீழே இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ் பெருசு, அது ஒதைக்காதுய்யா! புல்லுக்கட்டும் கொண்டாந்திருக்கியா?" அன்றைக்குப் புருவம் கருகியது. உள்ளங்கை கொப்பளித்தது. ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது.

ஓடாததற்குக் காரணம் அந்த மந்திரம்தான். விடியற்காலையில் முதல் பாதியைச் சொல்லிக்கொண்டே கைப்பிடியைச் சுற்றுவேன். மறுபாதியை யாரோ பக்கத்தில் நின்று சொல்வதுபோல் இருக்கும். ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகும் பயம் போகவில்லை. பழகிய குதிரை மாதிரி பக்கத்திலேயே நின்றது. ஆனால் உதைக்கவில்லை. கரி போய் டீசல் வந்த பிறகும் நான் அந்த வண்டிகளிலேயே காலம் தள்ளினேன்.

நீ கடைசிவரை பியூனாகவில்லை. ஒரு கிழட்டு மட்டக்குதிரையை வாங்கி ஜட்கா வண்டி ஓட்டினாய். என் பஸ்ஸில் இடமில்லாமல் மிஞ்சியவர்கள்தான் உனக்குச் சவாரி. பயந்தவன் வேறு என்ன செய்வான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஆனால் நீ கண்ணை மூடுவதற்கு முந்தின வருடம், திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் நாம் போன பஸ் பழுதாகி நின்றுவிட்டதே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் இறங்கி நிழலுக்குப் போனோம். திரும்பிப் பார்த்தால் உன்னைக் காணோம். வண்டிக்கு அடியில் உன் கால் இரண்டும் தெரிந்தன. டிரைவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, சூடான இஞ்சினுக்குக் கீழே வெற்றிலை மென்றபடி படுத்திருந்தாய்.

"என்ன மச்சான், வயித்தக் கலக்கலையா?"

"வயசாயிருச்சுல்ல மாப்ள. பயமெல்லாம் போயிருச்சு" என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் காதைச் சொறிந்தாய்.

பொய் சொன்னால்தான் நீ காதைச் சொறிவாய் என்று எனக்குத் தெரியாதா?

நீ போன பிறகு உன் தங்கையைக் கேட்டேன். "அத எங்கண்ணனத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆக, உன்மேல் இன்னும் எனக்குச் சந்தேகம்தான் மச்சான். முன்பெல்லாம் நீ என்ன கெடுதல் செய்தாய் என்று தேடினேன். இப்போது, எனக்குத் தெரியாமல் என்ன நல்லது செய்துவிட்டுப் போனாய் என்று தேடுகிறேன். ஜெபத்துக்கு முழந்தாளிடும்போதும் இது என்னோடு வந்து உட்காருகிறது. கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு அன்றைக்குப் பயம் என்றது பொய்தானா என்று உன்னை நேராகவே கேட்டு எழுதுவேன். நீ பதில் எழுத முடியாது என்கிற தைரியத்தில்தான் கேட்கப்போகிறேன். ஆமாம் என்று நீ சொல்லிவிட்டால், அதைத் தாங்க எனக்குத் தெம்பு இல்லை.

உன் மாப்பிள்ளை