தேய்ந்துபோன கம்பெனிப் பேர்

என் பிரியமுள்ள மச்சான்,

நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அல் ஐன் பழம்பொருள் கடையில் உங்கள் நாற்காலியில் இப்போது நான்தான் உட்காருகிறேன். உட்காரும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது.

நேற்று ஒரு ஓமானி இரண்டு பழைய ராணுவத் துப்பாக்கிகள் கொண்டுவந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். நம் முதலாளி அர்பாப் லென்ஸை வைத்து இரும்பில் குத்தியிருக்கும் கம்பெனிப் பேரைத்தான் முதலில் தேடினார். ஏராளமாகச் செய்து தள்ளிய பெரிய ஆலை என்றால் உதட்டைப் பிதுக்குவார். கொஞ்சகாலம் செய்து மூடிப்போன சின்னக் கம்பெனி என்றால் கைக்குழந்தை மாதிரித் தூக்குவார். பேரே இல்லையென்றால் அது வெறும் இரும்பு.

இது எனக்கு அன்றைக்குத் தெரியாமல் போச்சே, மச்சான்.

போன ஆயுத பூஜைக்கு முதல் நாள் பகலில் நீங்கள் துபாய் போயிருந்தீர்கள். ஊர்ப் பட்டறையில் செய்கிற மாதிரி சுத்தி, அரம், ஸ்பேனர் எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கடையில் விற்க வைத்திருந்த பழைய துப்பாக்கி ஒன்றும் கறுத்துக் கிடந்தது. ஆயுத பூஜையில் நிஜ ஆயுதமே அழுக்காக இருக்கலாமா? பஃபிங் மெஷினில் பிடித்துப் பளபளவென்று ஆக்கி, குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். ஏற்கெனவே மங்கியிருந்த சின்னக் கம்பெனியின் பேர் அதோடு போய்விட்டது.

நீங்கள் திரும்பி வந்த பிறகுதான் அர்பாப் அதைப் பார்த்தார். "யே கோன் கியா?", யார் செய்த வேலை இது என்று கத்தினார். நீங்கள் முந்திக்கொண்டு, "மே கியா, அர்பாப்" என்று நான் செய்ததை உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள். ரூமுக்கு வந்து உங்கள் காலைப் பிடித்தேன்.

"ஒனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்கடா. வாய மூடிக்கிட்டு டூட்டியப் பாரு."

உங்கள் விசாவைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பினார்கள். ஐந்தாவது மாதம் ஊரில் நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். ஏன் திரும்பி வந்தாய் என்று ஊரார் கேட்டபோதெல்லாம் என்ன சொன்னீர்கள்?

உங்கள் தங்கச்சி செல்வி போனில் அழுகிறாள். "எங்கண்ணன் ஏங்க இப்படிக் கவனமில்லாம இருந்துச்சு? ஒழுங்கா இருந்திருந்தா இன்னிக்கு உங்ககூட இருந்திருக்குமே." நான் "ம்" கொட்டுகிறேன். பெண்டாட்டியிடம் அதைவிடப் பெரிய பொய் எவன் சொல்லியிருப்பான்?

நேற்று தாங்காமல் அர்பாபிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "கலாஸ், புரானா பாத்" என்றார். முடிந்துபோன பழைய கதையாம். பிறகு நெற்றியைச் சுருக்கி, "அந்த ஆளு பேரு என்ன?" என்று இந்தியில் கேட்டார். பதினோரு வருஷம் அவரிடம் உழைத்தீர்கள், மச்சான். மூடிப்போன கம்பெனியின் பேரை மட்டும் இன்னும் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார்.

சொன்னால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. இனி ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லை.

வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்குச் செல்வியிடம் சொல்லிவிடுவேன், இது சத்தியம். அப்புறம் அவள் என்னோடு பேசமாட்டாள். பேச வேண்டாம். உங்களைக் குறை சொல்லாமல் ஒரு தடவையாவது அவள் உங்களுக்காக அழட்டும்.

உங்கள் தங்கச்சியைக் கட்டியவன்,
முருகேசன்